மனநலம் மீள்வோருக்கு இலவச வகுப்புகள்: நம் தோட்டப் பக்கத்தில் தமிழில் நடத்த இயலுமா?

கேள்வி: பால்மரத்து நிழல் (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பட்டணத்துத் தாமான் ஒன்றில் குடியிருக்கிறோம். என் தம்பிக்கு வயது 29. சென்ற ஆண்டு ஏழு வாரம் மனநல வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பினான். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். மாதம் ஒரு முறை கிளினிக்குக்கும் போய் வருகிறான். காதில் கேட்ட குரல்களும் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆனால் மாதத்தின் மற்ற நாட்களில் அவன் என்ன செய்வது என்று கேட்டால் எங்களுக்கு விடை தெரியவில்லை. அவன் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையின் பஸ் காலையில் முச்சந்தியில் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருப்பவர்கள் நாம். அங்குள்ள பஹாகியா மனநல மருத்துவமனை 1911 முதல் எத்தனையோ பேரைக் குணப்படுத்தி அனுப்பியிருக்கிறது. இருந்தும் அந்தப் பெயரைச் சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று அம்மா பயப்படுகிறார். இங்கிலாந்தில் வேலை செய்யும் உறவுக்கார அக்கா ஒருவர், மனநோயிலிருந்து மீள்பவர்களுக்கென்று அங்கே கட்டணமில்லாத வகுப்புகள் நடப்பதாகச் சொன்னார். அவை எப்படிப்பட்டவை? நம் நாட்டில் அதற்கு ஈடாக ஏதேனும் உண்டா? இல்லையென்றால், கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கி நாமே சிறிதாகத் தொடங்க முடியுமா?

பதில் 1: நாட்டிங்ஹாம் வாசி

தங்கை, உங்கள் அக்கா சொன்னவற்றை இங்கே மீட்சிக் கல்லூரிகள் என்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டனிலும் அரிசோனாவிலும் முன்பே இருந்த கல்வி முயற்சிகளைப் பார்த்து, 2009இல் தென்மேற்கு லண்டனில் முதல் கல்லூரி முளைத்தது. 2011இல் நான் வாழும் நாட்டிங்ஹாமில் இன்னொன்று வந்தது. அதன்பின் நாடெங்கும் பரவின. பெரும்பாலானவற்றை அரசு மருத்துவச் சேவையும் சிலவற்றைத் தொண்டு அமைப்புகளும் நடத்துகின்றன.

கல்லூரி என்றதும் பட்டம், பரீட்சை என்று எண்ண வேண்டாம். ஒரு நாளில் முடியும் வகுப்பும் உண்டு, வாரம் ஒன்றாகப் பல வாரம் நீளும் வகுப்பும் உண்டு. மனச்சோர்வைப் புரிந்துகொள்வது, நன்றாக உறங்குவது, குரல்கள் கேட்டாலும் அவற்றோடு வாழப் பழகுவது, கைச்செலவைத் திட்டமிடுவது, மறுபடி நோய் தலைகாட்டினால் என்ன செய்வதென்று முன்கூட்டியே எழுதிவைப்பது என்று பாடங்கள் இருக்கும். எந்தப் பாடத்தை எடுப்பது என்பதை மாணவரே தேர்ந்துகொள்கிறார். பல இடங்களில் மருத்துவரின் கடிதம்கூடத் தேவையில்லை.

இதன் உயிர்நாடி, பாடத்தை யார் நடத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பையும், அந்த நோயைத் தானே அனுபவித்து மீண்ட ஒருவரும், தாதி அல்லது உளவியலாளர் போன்ற தொழில்முறை வல்லுநர் ஒருவரும் சேர்ந்து வடிவமைத்துச் சேர்ந்தே நடத்துகிறார்கள். கேட்பவர்களின் வரிசையில் நோயாளியும் அவருடைய தாயாரும் மருத்துவமனை ஊழியரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். நான் குடும்பத்தினருக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்தபோது, பாதி நேரம் கடந்த பிறகுதான் எங்களுக்குப் பாடம் சொன்ன இருவரில் யார் தாதி, யார் மீண்டவர் என்பதே எனக்கு விளங்கியது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த வகுப்பு, சிகிச்சைக்கு மாற்றாகாது. மருந்தும் மருத்துவரும் அவர்கள் பாட்டுக்குத் தொடர வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி)

நம் நாட்டிலும் வழி இருக்கிறது அம்மா, தேடித்தான் பிடிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சமூக மனநல மையங்களுக்கு இடம் கொடுத்தது. அப்படிச் சுகாதார அமைச்சு நடத்தும் மையங்களுக்கு மெந்தாரி என்று பெயர். மலாயில் சூரியன் என்று பொருள். அங்கே மறுவாழ்வுப் பயிற்சிகளும், வேலைக்குத் திரும்ப விரும்புவோருக்குக் கூடவே நின்று உதவும் சேவையும் கிடைக்கின்றன. தொழிற்சாலை பஸ்ஸைக் கண்டு ஒளிகிற பிள்ளைக்கு இந்த இரண்டாவது சேவைதான் மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் மெந்தாரி என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் பணிக்கால அனுபவம்.

வகுப்பு தொடங்குவதானால், முதல் வகுப்பை உங்கள் தம்பிக்கு வைக்காதீர்கள், வீட்டிலுள்ளவர்களுக்கு வையுங்கள். ஓயாமல் குறை சொல்வதும், கண்ணை எடுக்காமல் காவல் காப்பதும் மிகுந்த வீடுகளில் நோய் திரும்பி வருவது அதிகம் என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஆய்ந்து கண்டார்கள். நம் வீடுகளில் இரண்டும் பாசத்தின் பெயரால்தான் நடக்கின்றன. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து "தூங்கிட்டியாப்பா?" என்று கேட்கும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கம் குறைவது பலருக்கு முதல் எச்சரிக்கை என்பதால் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் தூங்கிய நேரக் கணக்கை உங்கள் தம்பியே ஒரு நோட்டில் எழுதட்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியே சொன்னால் போலீஸ் வருமென்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது.

பதில் 3: பின்வரிசை மாணவன்

அக்கா, நான் உங்கள் தம்பியின் நிலையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் இருந்தவன். கோயில் மண்டபம் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே உள்ளே போகிறவனைப் பத்துப் பேர் பார்ப்பார்கள், அதில் இரண்டு பேர் அன்று மாலையே என் சித்தி வீட்டில் தேநீர் குடிப்பார்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது: நல்லெண்ணத்தோடு ஒரு சங்கத்தினர் "மனநோயாளிகள் மறுவாழ்வு முகாம்" என்று பெரிய பதாகை கட்டினார்கள். நான் எதிர்ப்பக்கம் இருந்த சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளி வகுப்பறை கிடைத்தால் நல்லது. டியூஷன், கூட்டம் என்று எப்போதும் ஆட்கள் வந்துபோகும் இடம். யார் எதற்கு வந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வகுப்புக்கு "நல்ல உறக்கம்" என்றோ "மன அழுத்தமும் வேலையும்" என்றோ பெயர் வையுங்கள். நோய் இல்லாதவர்களும் வரட்டும், அப்போதுதான் நாங்கள் தனியாகத் தெரியமாட்டோம். இன்னொன்று, மருந்து மயக்கத்தால் எங்களில் பலருக்குக் காலை பத்து மணிக்கு முன் தலை நிமிராது. எட்டரைக்கு வகுப்பு வைத்துவிட்டு, ஆர்வமில்லாதவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

பதில் 4: கங்காணி பேரன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இரண்டு கூட்டம் நடக்கும், படம் எடுப்பார்கள், மூன்றாவது கூட்டத்துக்குப் பூட்டு திறக்க ஆள் இருக்காது. நம் ஊர் வழக்கம் அது. ஆனாலும், 1960இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தொழிலாளிகளே தோட்டங்களை வாங்கினார்கள் என்று என் தாத்தா சொல்லக் கேட்டவன் நான். ஆகவே முடியாது என்று சொல்லமாட்டேன். முதலில் ஆறே வாரம் என்று முடிவு கட்டித் தொடங்குங்கள். ஆசிரியராக வரும் மீண்டவருக்குப் பெட்ரோல் காசாவது கொடுங்கள். தாதிக்குச் சன்மானமும் அவருக்கு வெறும் நன்றியும் என்றால் சேர்ந்து நடத்துவது என்ற பேச்சுக்கே பொருளில்லை.

பால்மரத்து நிழல்

அனைவருக்கும் நன்றி. பின்வரிசைத் தம்பி, கோயில் மண்டபத்தை விட்டுவிட்டேன். பள்ளி வகுப்பறைக்குத் தலைமையாசிரியரிடம் பேசப் போகிறேன். மெந்தாரி பற்றிப் பதினெட்டாம் தேதி மருத்துவரிடம் கேட்பேன். நேற்றிரவு உங்கள் பதில்களைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வருபவர்களின் பெயர்ப்பட்டியல் யார் கையில் இருக்கும் என்று மட்டும் கேட்டான். மிஸ்ஸி அம்மா, பட்டியலே இல்லாமல் நடத்த முடியுமா?