அம்மம்மா வீட்டுக் குழு: வந்தாறுமூலைக்கு வேன்

சுதா அக்கா: இவருடைய அப்பா செத்த 31ஆம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை. வந்தாறுமூலையில் பகல் சாப்பாடு. கல்லடியிலிருந்து வேன் பிடிக்கலாமா? யார் யார் வருகிறீர்கள்?

டிலான்: நான்

ரஞ்சி சின்னம்மா: நானும். ஆராதனை முடிந்து 10 மணிக்கு வெளிக்கிட்டால் சரிதானே?

பெரிய மாமா: நானும் மாமியும் வருகிறோம். சுவிசேஷத் துண்டுப்பிரதி ஒரு கட்டு இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

சுதா அக்கா: வேண்டாம் மாமா

டிலான்: ஐயோ

லண்டன் அண்ணா: எட்டாம் நாள் எட்டுச் செலவில் நடந்தது போதாதா 😂

பெரிய மாமா: அன்று நான் பிரசங்கம் செய்யவில்லை. பந்தலில் பக்கத்தில் இருந்தவர் செத்த பிறகு என்ன இருக்கு என்று கேட்டார். பதில் சொன்னேன்.

டிலான்: முக்கால் மணித்தியாலம்

பெரிய மாமா: தம்பி, கொலோசெயர் 4:5 வாசி. காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளச் சொல்கிறது. போன கிழமை ஆட்டோவில் வந்தேன். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது ஓட்டி வந்த பொடியன் மகளுக்குக் காய்ச்சல் என்றான். பிள்ளையின் பெயரைக் கேட்டேன், ஜெபிக்கிறேன் என்றேன், இறங்கிவிட்டேன். எவ்வளவு நேரம்? வில்லியம் ஓல்ட் ஐயர் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தவர். 1815இல் இறந்துவிட்டார். ஒரு வருஷம்கூட முழுதாக இல்லை, அதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கினார். நீ படித்த மெதடிஸ்த மத்திய கல்லூரி அதுதான்.

டிலான்: அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார் மாமா. 31 சாப்பாட்டில் பிரதி கொடுத்ததாக நான் படிக்கவில்லை

பெரிய மாமா: பிலிப்பு ஓடிப்போய் எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தில் ஏறவில்லையா? அப்போஸ்தலர் 8.

ரஞ்சி சின்னம்மா: அண்ணன், 31ஆம் வசனத்தையும் பாருங்கள். ஏறி உட்காரச் சொல்லிக் கேட்டவர் மந்திரிதான்.

லண்டன் அண்ணா: 31க்கு 31 👏

பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமி: எனக்கு ஒரு சந்தேகம். படைத்த சோற்றையா பந்தியில் போடுவார்கள்? மனம் ஒப்பாது.

சுதா அக்கா: படைக்கிறது வேறு, பந்திக்கு வேறு சமையல் மாமி

பெரிய மாமா: 1 கொரிந்தியர் 10:27. விருந்துக்குக் கூப்பிட்டால் முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம். 28இல், இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் சாப்பிடக் கூடாது. ஆகவே ஒருவரும் கேட்க வேண்டாம். சுதா, நீயும் சொல்ல வேண்டாம்.

டிலான்: மாமி கேட்டு அக்கா சொல்லியும் முடிந்தது

லண்டன் அண்ணா: எருமைத் தயிர் உண்டா?

சுதா அக்கா: உண்டு. நீங்கள் வரப்போவதில்லையே

ரஞ்சி சின்னம்மா: மறுகா ஒன்று. சுதாவின் மாமியார் நேற்று இரவு போன் எடுத்தா. நித்திரை வருவதில்லையாம். சுதாவின் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கட்டிலடியில் ஜெபித்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாவாம். ஞாயிறு அறைக்குள் வந்து அப்படி ஒன்று சொல்லிவிட்டுப் போ என்றா. மகனுக்குத் தெரிய வேண்டாமாம்.

சுதா அக்கா: சின்னம்மா!! இவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்

ரஞ்சி சின்னம்மா: ஐயோ கடவுளே

டிலான்: நீல டிக் விழுந்துவிட்டது

அத்தான்: பார்த்தேன். அம்மா நித்திரை கொண்டால் போதும். சமையல் பக்கம் சத்தம், சாமி அறைக்குப் பக்கத்து அறையில் இருந்து சொல்லுங்கள்.

ரஞ்சி சின்னம்மா: சரி மகன் 🙏

பெரிய மாமா: நானும் கூட வந்து ஒரு வசனம் வாசிக்கட்டுமா?

சுதா அக்கா: சின்னம்மாவைத்தான் கேட்டிருக்கிறா மாமா

பெரிய மாமா: சரி சரி. பத்துப் பிரதி மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். யாராவது கேட்டால் கொடுக்க.

மாமி: சட்டையைத் தோய்த்து மடிப்பது நான்தான் சுதா. நீ பயப்படாதே.

லண்டன் அண்ணா: 😂😂 வேன் காசு நான் அனுப்புகிறேன்

டிலான்: தயிர்க் காசும்

சுதா அக்கா: 9.30ஆ 10ஆ? வேன்காரர் கேட்கிறார்