சட்டையை மாற்றச் சொன்னால் முகமும் மாறுகிறது

கேள்வி:
ஸ்டேபிள் டிஃப்யூஷனில் (வாக்கியம் கொடுத்தால் படம் உருவாக்கும் ஏஐ மாடல்) ஒரு போட்டோவில் சட்டையை மட்டும் சிவப்பாக்கப் பார்க்கிறேன். சட்டை சிவப்பாகிவிடுகிறது, ஆனால் கூடவே மூக்கு நீள்கிறது, பின்னால் ஐந்தாக இருந்த ஜன்னல் கம்பி நான்காகிறது. டிடிஐஎம் இன்வர்ஷன் (போட்டோவைப் படிப்படியாக இரைச்சலாகத் திருப்புவது) செய்துதான் தொடங்குகிறேன், கைடன்ஸ் (வாக்கியத்தை எவ்வளவு அழுத்தமாகப் பின்பற்றணும் என்ற அளவு) 7.5. எங்கே தப்பு?

பதில் 1:
பெரும்பாலும் அந்த 7.5 தான். இன்வர்ஷனில் ஒவ்வொரு படியிலும் சின்னச் சின்னப் பிழை சேரும், கைடன்ஸ் அதைப் பெருக்கிவிடும். முதலில் எதையும் மாற்றாமல், போட்டோவை விவரிக்கும் பழைய வாக்கியத்தையே கொடுத்து அதே படம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நல்-டெக்ஸ்ட் இன்வர்ஷன் போடுங்கள். அது வெற்று வாக்கியத்தின் எம்பெடிங்கை (மாடலுக்குள் அதைக் குறிக்கும் எண்களை) ஒவ்வொரு படிக்கும் தனியாகத் திருத்தும். நேரம் பிடிக்கும், ஆனால் முகம் நிற்கும்.

பதில் 2:
அப்புறம் மாஸ்க், அதாவது எந்த இடம் மட்டும் மாறலாம் என்று காட்டும் குறியீடு. 'சட்டை' என்ற சொல்லின் கிராஸ் அட்டென்ஷனிலிருந்தே (அந்தச் சொல் படத்தின் எந்த இடத்தோடு சேர்கிறது என்று மாடல் வைத்திருக்கும் கணக்கு) எடுக்கலாம், ஓரம் கொஞ்சம் கசியும். கையால் வரைவதுதான் எனக்குப் பிடித்தது.

கேட்டவர்:
மாஸ்க் போட்டதும் கம்பி ஐந்தும் வந்துவிட்டது, நன்றி! ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிமை குழைந்திருக்கிறது, அது மாஸ்குக்கு வெளியேதானே?

பதில் 1:
அது விஏஇ (மாடலில் படத்தைச் சுருக்கி விரிக்கும் பகுதி) வேலை. நீளம், அகலம் இரண்டையும் 8 மடங்கு சுருக்கி மறுபடி விரிக்கும்போது நுணுக்கம் போய்விடும். கடைசியில் மாஸ்குக்கு வெளியே மூலப் பிக்சல்களையே ஒட்டிவிடுங்கள், ஓரத்தை மட்டும் மென்மையாக்கினால் போதும்.