கொலுப்படி டச் பட்டன்: தொடாமலே விளக்கு எரியுது

பிசாக் 4 (PSoC 4) மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதுல இருக்கிற கேப்சென்ஸ் தொடு-உணர் வசதி, 8 தாமிர டேப் பேடு, மேலே 3 மி.மீ. அக்ரிலிக். பேடைத் தொட்டா அந்தப் படியின் எல்இடி எரியணும். மேசையில் சரி. படியில் மாட்டினதும் தானா எரியுது. ஒயர் 40 செ.மீ., ஃபோன் சார்ஜர் சப்ளை. சார்ஜர் இரைச்சலா?

பதில் 1
சார்ஜர் இரைச்சல் பெரும்பாலும் விரல் வெச்ச பிறகுதான் தெரியும். பவர் பேங்க்ல ஓட்டிப் பாருங்க. எனக்கு ஒயர்மேல்தான் சந்தேகம்: 40 செ.மீ. ஒயரே ஒரு சென்சார் மாதிரி, பக்கத்துல கை போனாலே சென்சார் தர்ற எண்ணிக்கை (ரா கவுன்ட்) ஏறும். போர்டை படிக்குப் பின்னாடி நடுவுல வெச்சு ஒயரை 10 செ.மீ.க்குள்ள அடக்குங்க. சிப்போட பின்னை ஒட்டி 560 ஓம் ரெசிஸ்டரை சீரிஸ்ல போடுங்க. எல்இடி ஒயரை சென்சார் ஒயரோட சேர்த்துக் கட்டாதீங்க.

பதில் 2
த்ரெஷோல்டை (தொட்டதா எடுத்துக்கிற எல்லை) ஊகிக்காதீங்க. கேப்சென்ஸ் அளவுகளை கம்ப்யூட்டர்ல காட்டுற ட்யூனர்ல பாருங்க: தொடாதப்போ ரா கவுன்ட் எவ்வளவு துள்ளுது, தொட்டா எவ்வளவு ஏறுது? ஏற்றம் துள்ளலைப் போல 5 மடங்காவது வேணும். ஏற்றம் 100னா ஃபிங்கர் த்ரெஷோல்ட் 80, நாய்ஸ் த்ரெஷோல்ட் (இரைச்சல் எல்லை) 40, ஹிஸ்டெரிசிஸ் (எரிய, அணைய நடுவுல விடுற இடைவெளி) 10.
அக்ரிலிக்குக்கும் டேப்புக்கும் நடுவுல காற்று இருந்தா சிக்னல் செத்துடும், ஒட்டி அழுத்துங்க. சிமாட் (கேப்சென்ஸ் அளக்கத் தேவையான வெளி கெபாசிட்டர்) 2.2 நானோஃபேரட், ரிச்சி தெருவுல சும்மா கேட்டா டிஸ்க் செராமிக் தருவாங்க, சூட்டுல மதிப்பு மாறாத என்பிஓ (NP0) வகைன்னு கேட்டு வாங்குங்க.

கேட்டவர்
பவர் பேங்க்லயும் அதே. துள்ளல் 12, தொட்டா 30தான். ஒயரை 8 செ.மீ. ஆக்கினேன்: துள்ளல் 6, ஏற்றம் 70. த்ரெஷோல்ட் 56.

பதில் 2
நாய்ஸ் 28, ஹிஸ்டெரிசிஸ் 7. பவர் போடும்போது பேடுமேல கையோ சுண்டல் கிண்ணமோ வேண்டாம், பேஸ்லைன் (தொடாதப்போ இருக்கிற அடிப்படை அளவு) தப்பா பதிஞ்சிடும்.