மறு: கையேட்டில் ‘முடிவு வரையறை’ சரியா?

வணக்கம்.

கூட்டாகப் பொருள் உருவாக்கும் குழுக்களுக்கான கையேட்டின் தமிழ் வரைவைத் திருத்திக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அதில் ஒரு சொல்லை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேலை எந்த நிலையை எட்டினால் முடிந்ததாகக் கொள்ளலாம் என்ற பொது அளவுகோலான ‘டெஃபினிஷன் ஆஃப் டன்’ வரும் இடமெல்லாம் ‘முடிவு வரையறை’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

வரைவின் பத்துப் பக்கங்களைக் கோவையில் ஒரு பம்பு பட்டறையில் வேலை பார்க்கும் ஏழு பேரிடம் கொடுத்து, இடறுகிற சொல்லைப் பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன். ‘முடிவு வரையறை’யில் ஒரு வட்டம்கூட இல்லை. மகிழ்ந்து போனேன். அப்புறம் உட்கார்ந்து பொருள் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நான்கு பேருக்கு அது ‘யார் முடிவெடுப்பது என்ற விதி’. ஒருவருக்குத் தேர்வு முடிவு மாதிரி ஏதோ டெஸ்ட் ரிசல்ட். புரியாத சொல்லாக இருந்தால் கேட்டிருப்பார்கள். இது புரிந்த மாதிரியே இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

‘டன்’ என்றே விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருந்தது. வார்ப்படம் ஊற்றுகிற ஊரில் டன் என்றால் ஆயிரம் கிலோ. “இந்த வேலை டன்னா?” என்று எழுதிப் பாருங்கள்.

இந்தச் சொல்மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அதில் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் புது பம்பு ஒன்றுக்கு கேசிங், அதாவது வெளிக்கூடு, வரைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் பட்டறையிலிருந்து போன். “கேசிங் டிராயிங் முடிஞ்சுதுங்களா?” “முடிஞ்சுதுங்க.” நான் சொன்னது, கோடெல்லாம் போட்டாகிவிட்டது என்று, லேத்தில் கடைவதற்காக விட வேண்டிய கூடுதல் கனத்தை இன்னும் சேர்க்கவில்லை. அவர் கேட்டதோ, வார்ப்புக்கான மாதிரியான பேட்டர்ன் செய்யக் கொடுக்கலாமா என்று. பேட்டர்ன் ஆகி நாற்பது கேசிங் ஊற்றியும் ஆகிவிட்டது. இணைப்பு விளிம்பான ஃபிளேஞ்சின் முகத்தைக் கடைந்தால் கனம் அளவுக்குக் கீழே போகிறது. கடையாமல் விட்டால் பேக்கிங் உட்காரவில்லை. நாற்பதும் திரும்ப உலைக்குப் போயின. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

கையேட்டின் இந்தப் பகுதி தடுக்க நினைப்பது இதைத்தான். நம் வரைவுக்கு அடிப்படை கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேடு. குறுகிய சுற்றுகளில் குழுவாக வேலை செய்யும் முறைக்குத்தான் ஸ்க்ரம் என்று பெயர். 2010-இல் முதலில் வந்து, பலமுறை திருத்தப்பட்டு, 2020 பதிப்பில் பதினைந்து பக்கம்கூட வராத அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. சொல் மாற்றுவது அவர்களுக்கும் புதிதல்ல. 2011-இல், பேக்லாக் எனும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை ‘முன்னுரிமைப்படுத்தியது’ என்பதை எடுத்துவிட்டு ‘வரிசைப்படுத்தியது’ என்று போட்டார்கள். அதே திருத்தத்தில், குழு ‘வாக்குக் கொடுக்கிறது’ என்பது ‘கணித்துச் சொல்கிறது’ என்று ஆனது. ஆனால் டன் விஷயத்தில் கண்டிப்பு குறையவில்லை. குறித்த தரத்தை எட்டாத வேலையை வெளியிடக் கூடாது, ஸ்பிரின்ட் எனும் அந்தக் குறுகிய சுற்றின் கடைசியில் நடக்கும் பார்வையிடலில் காட்டவும் கூடாது. அது பட்டியலுக்கே திரும்ப வேண்டும்.

நான் முன்வைப்பது ‘முற்று’. பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்ததுதான். ‘வரைந்து’, ‘கொடுத்து’, ‘ஊற்றி’ எல்லாம் வினையெச்சம். இன்னொன்று வந்தால்தான் நிற்கும். ‘ஊற்றினான்’ வினைமுற்று, தானே நிற்கும். என் டிராயிங் அன்றைக்கு எச்சம், நான் சொன்ன பதில் முற்று. ஆகவே ‘முற்று வரையறை’. அரைகுறையாக நிற்கும் வேலைக்கு ‘எச்சம்’. குறள் 674 இந்தப் பொருளில்தானே பேசுகிறது:

வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால்
தீயெச்சம் போலத் தெறும்

அதே அதிகாரத்தில், 676-இல், முடிவும் வருகிறது, ‘முற்றியாங்கு எய்தும்’ பயனும் வருகிறது. வேலை முடிந்த நிலைக்கு முற்றுதல் என்ற சொல் நமக்குப் புதிதில்லை என்று காட்ட இது போதும்.

---

> நான் முன்வைப்பது ‘முற்று’.

ஐயா, இலக்கணம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முற்றிய வெண்டைக்காயை யாரும் வாங்குவதில்லையே! நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவோம். ‘பைத்தியம் முற்றிப்போச்சு’ என்பதும் இருக்கிறது. எச்சமோ இன்னும் மோசம். எங்கள் தெருவில் எச்சம் என்றால் வண்டி சீட்டில் காக்கை போட்டுவிட்டுப் போவது.

‘நிறைவு’ என்ற நல்ல சொல் இருக்க இந்தச் சுற்று எதற்கு? ‘பணி நிறைவு வரையறை’ என்று வைக்கலாமே. இன்னொரு ஐயம்: ஒவ்வொரு வேலைக்கும் வாடிக்கையாளர் சொல்லும் நிபந்தனைகள் தனியாக உண்டு. அதுவும் இதுவும் ஒன்றா?

---

> ‘பணி நிறைவு வரையறை’ என்று வைக்கலாமே

அம்மா, பணி நிறைவு என்றதும் எனக்குச் சந்தன மாலையும் சால்வையும்தான் கண்ணில் வருகிறது. அரசு அலுவலகங்களில் ஓய்வு பெறுவதற்கு அதுதானே பெயர். கையேட்டில் ‘இந்த வாரத்துக்குள் பணி நிறைவு’ என்று இருந்தால் படிப்பவர் பயந்துவிடுவார்.

வெண்டைக்காய் நியாயம்தான். ஆனால் நெல் முற்றினால்தான் அறுப்பு. பெயர்ச்சொல்லாக வரும்போது முற்றுக்கு அந்த வாடை இல்லை. முற்றுப்புள்ளி தெரியாத ஆள் உண்டா? எச்சத்தை விட்டுவிடுகிறேன். பட்டறையில் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். அவர்கள் வாயில் வருவது ‘மிச்ச வேலை’. அதுவே போதும்.

உங்கள் ஐயத்துக்கு: இரண்டும் வேறு. ‘இந்த பம்பு ஒரு குதிரைத்திறனில் ஓட வேண்டும்’ என்பது அந்த ஒரு வேலைக்கான நிபந்தனை. ‘வார்ப்பு எதுவானாலும் கடைந்து, தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்திருக்க வேண்டும்’ என்பது எல்லா வேலைக்கும் பொது. பொதுவானதுதான் முற்று வரையறை. இந்த வேறுபாடு வரைவில் ஒரே வரியில் ஒளிந்திருக்கிறது. பிரித்து எழுத வேண்டும்.

---

இடையில் நுழைகிறேன். பேக்லாகுக்கு ‘நிலுவை’ என்று போட்டிருப்பதும் எனக்கு நெருடுகிறது. வரி நிலுவை, வழக்கு நிலுவை, சம்பள நிலுவை என்று எல்லாமே யாரோ செய்யத் தவறியது. நேற்று வந்த புது யோசனையும் அந்தப் பட்டியலில்தானே இருக்கும்?

---

உண்மைதான். 2011 திருத்தத்தைச் சொன்னேனே, அதை வைத்துப் பார்த்தால் ‘வேலை வரிசை’ பொருந்தும். ஒரே இடைஞ்சல், ரேஷன் கடை வரிசை மாதிரி முதலில் வந்தது முதலில் என்று நினைத்துவிடலாம். இங்கே நேற்று வந்தது தலைமாட்டில் போய் நிற்கலாம். பொருளுக்குப் பொறுப்பானவர் நிறுத்துகிற வரிசை. அதற்கு ஒரு விளக்க வரி சேர்க்கிறேன்.

முற்று வரையறையைப் பொறுத்தவரை, நேற்று அதே ஏழு பேரிடம் புதுப் பக்கத்தைக் கொடுத்தேன். இரண்டு பேர் வட்டம் போட்டு, என்ன என்று கேட்டார்கள். மேஸ்திரி ஒருவர் வட்டம் போடவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து லேத்துக்குப் பின்னால் சுவரில் ‘முற்று’ என்று எழுதி, கீழே நான்கு வரி போட்டார். முதல் வரி, ‘டிராயிங்கில் கடைசல் கனம் இருக்கா?’ என் பழைய கதையை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். அடுத்து ‘இன்கிரிமென்ட்’, ஒரு ஸ்பிரின்டில் முற்றாக முடித்துத் தரும் பகுதி. ‘ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் ஓர் இன்கிரிமென்ட் தர வேண்டும்’ என்ற வரியைப் படித்துவிட்டு, ஏழு பேரும் எந்த மாதத்திலிருந்து என்று கேட்கிறார்கள்.