பம்புக்குள் ஜல்லி உருளும் சத்தம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

துவாஸ், பராமரிப்பு வேலை
கூலிங் டவர் பம்ப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். உள்ளே ஜல்லியை அள்ளிப் போட்டுச் சுழற்றுவது போல இருக்கும். எங்கள் இடத்தில் அது கேட்டதும் "பேரிங் போச்சு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். புது பேரிங் போட்டும் சத்தம் அப்படியே இருந்தது. சக்‌ஷன் கேஜில் (பம்ப் தண்ணீரை இழுக்கும் பக்கத்து அழுத்தமானி) முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்து வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் பாசியும் துருவும் அடைத்துக் கிடந்தன.

நடந்தது கேவிட்டேஷன். தண்ணீர் கொதிக்கச் சூடு ஏற வேண்டும் என்று இல்லை, அழுத்தம் இறங்கினாலும் போதும். நம் சிங்கப்பூரின் 30 டிகிரி தண்ணீர், அதன் மேலுள்ள அழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 24-ல் ஒரு பங்காகக் குறைந்தால் அங்கேயே ஆவிக் குமிழியாகிவிடும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வாய்ப்பகுதியில் அழுத்தம் அவ்வளவு இறங்கிவிடுகிறது. சற்று உள்ளே போனதும் அழுத்தம் மறுபடி ஏறும், குமிழி நொறுங்கும். உலோகத்தை ஒட்டி நொறுங்கும் குமிழி ஒருபக்கமாகக் குழிந்து, மெல்லிய நீர்த்தாரையாக உலோகத்தையே குத்தும். அந்த இம்பெல்லரைக் கழற்றியபோது இறக்கைகளின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குக் குழிகள். வெறும் தண்ணீர் இரும்பை இப்படித் தின்னும் என்று பார்த்தால்தான் நம்ப முடியும்.

செம்பவாங், கப்பல் பழுது
டிரை டாக்கில் (தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தளம்) கப்பல் ஏறினால் நான் முதலில் பார்ப்பது ப்ரொப்பல்லர் இதழின் நுனியைத்தான். வெண்கலக் கலவையிலேயே அதே குழிகள் இருக்கும். தேய்த்து, வெல்டிங் நிரப்பி, வளைவைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவோம். வளைவு பிசகினால் அந்த இடத்திலேயே மறுபடி குமிழி கிளம்பும், அதனால் அவசரப்படுத்தினாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இது புதிய தலைவலி இல்லை. 1894-ல் நீராவி டர்பைன் பொறியாளர் பார்சன்ஸ் தன் டர்பினியா கப்பலை ஓட்டியபோது ஒற்றை ப்ரொப்பல்லர் வேகமாகச் சுற்றியும் கப்பல் வேகம் எடுக்கவில்லை. குமிழிதான் காரணம் என்று கண்டுபிடித்து, மூன்று தண்டுகளில் ஒன்பது ப்ரொப்பல்லர்களாகப் பிரித்த பிறகு வேகம் 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்) என்ற அளவைத் தாண்டியது.

பாசிர் ரிஸ், ஆசிரியை
நான் பம்ப் பக்கம் போனதில்லை. ஆனால் இதே விஷயத்தைச் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் நீர் வற்றிய நேரத்தில் காதால் கேட்டேன். சேற்றுக்குள்ளிருந்து 'டப் டப்' என்று சொடுக்குகள். ஒரு சிறு இறால் வகை, பெரிய கொடுக்கைப் படாரென்று மூடி நீரைப் பீய்ச்சுகிறது. கொடுக்கு மோதித்தான் சத்தம் வருகிறது என்று நினைத்திருந்தார்கள். நீரில் உண்டாகும் குமிழி நொறுங்குவதுதான் அந்தச் சத்தம் என்று 2000-ல் நிரூபித்தார்கள். அந்த அதிர்ச்சியில் இரை மயங்கிவிடுமாம். நம் கடலுக்கடியில் ஓயாமல் கேட்கும் பொரியல் சத்தம் பெரும்பாலும் இவற்றால்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கொண்டே நீருக்கடியில் இருக்கும் பொருள்களைப் படம் பிடிக்கும் கருவி செய்திருக்கிறார்கள்!

ஜூரோங், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்
துவாஸ் அண்ணே, பம்புக்குள் காற்றுப் போனாலும் இப்படித்தானே சத்தம் வரும்? எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

துவாஸ், பராமரிப்பு வேலை
நல்ல கேள்வி தம்பி. முதலில் டவர் தொட்டியை எட்டிப் பார்: தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கினாலோ மட்டம் குறைந்திருந்தாலோ காற்று இழுக்கிறது. சக்‌ஷன் பக்கத்து சீல், ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு) எல்லாவற்றையும் பார்த்துவிடு. அவை சரியாக இருந்தால், தண்ணீர் வெளியேறும் பக்கத்து டிஸ்சார்ஜ் வால்வைக் கொஞ்சம் குறைத்துப் பார். சத்தம் அடங்கினால் பெரும்பாலும் கேவிட்டேஷன்தான், ஸ்ட்ரெய்னரைத் திற. டிஸ்சார்ஜை அளவுக்கு மீறி மூடிவிட்டால் வேறு வகையில் குமிழி வரும், அதையும் கவனி. அப்புறம், யார் சொன்னாலும் சக்‌ஷன் வால்வை மட்டும் குறைக்காதே. அழுத்தம் இன்னும் இறங்கி இம்பெல்லர் சீக்கிரமே போய்விடும்.