மூன்லைட்டுக்குத் தமிழ்: புனைநிலவா, நிலவொளியமைப்பா?

அன்புள்ள அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

செங்கோட்டை ஒளிப்பதிவுப் பயிலரங்கின் ஒளியமைப்புக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. வீட்டுக்குள் எடுக்கும் இரவுக் காட்சியில் நிலாக் காய்வதுபோலக் காட்டும் ஒளிக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. 'பொய்நிலா'வா, மெய்ஞ்ஞானம்போல ஒற்று மிகுந்து 'பொய்ந்நிலா'வா என்பதிலேயே ஆறு மடல்கள் செலவாயின.

சிக்கல் வகுப்பில்தான் தொடங்கியது. ஓட்டு வீடொன்றில் "ஜன்னல் வழியே நிலவு வரட்டும்" என்றதும், தென்காசிப் பையன் நிலாவை வட்டமாக வெட்டுவதற்கு அட்டை தேடினான்; கேரளத்துப் புனலூரிலிருந்து வந்த மாணவியோ பேசாமல் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மலையாளத்தில் நிலாவு என்றால் ஒளிதான். வானத்தில் இருப்பது அம்பிளி அல்லது சந்திரன். செங்கோட்டைக் கணவாய்க்கு இந்தப் பக்கம், தமிழில், நாம் தொலைத்துவிட்ட வேறுபாடு அது. பாரிமகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டில் திங்கள் என்பது மாதம், வெண்ணிலவு என்பது ஒளி. ஆகவே புனைகதை, புனைபெயர் வழியில் 'புனைநிலவு' என்பது என் முன்மொழிவு.

'நீலநிலவு' வேண்டாம். ஒரே மாதத்தில் வரும் இரண்டாம் முழுநிலவை அப்படி அழைக்கிறார்கள் என்பது ஒருபுறமிருக்க, நிலவொளி நீலமே அன்று. அதன் நிறவெப்பநிலை (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக்கூட நீலம் கூடும்) சுமார் 4100 கெல்வின். நண்பகல் வெயிலைவிடச் சற்று மஞ்சள். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பைவிட நீலத்தை எளிதாகப் பற்றிக்கொள்ளும் புர்கினியே விளைவால்தான் நீலமாகத் தோன்றுகிறது. கேமராவின் வெள்ளைச் சமநிலையை 3200 கெல்வினில் வைத்து, அதற்கு நீலமாகத் தெரியும் 5600 கெல்வின் விளக்கொன்றை ஜன்னலுக்கு வெளியே உயரத்தில் நிறுத்தி, ஒளியேற்பை ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, கண் செய்யும் அதே ஏமாற்று வேலையை நாமும் செய்கிறோம். முகம் தெரியவில்லையென்று பையன்கள் இரண்டாவது விளக்கொன்றைப் போட, சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல் இரட்டையாக விழுந்தது, "இது எந்த ஊரு தம்பி, ரெண்டு நிலாவா?" என்றார் உடனிருந்த லைட்மேன்.

அண்ணாச்சி, 'நிலவொளியமைப்பு' எவருக்கும் விளங்கும் என்கிறீர்கள். விளங்கும்தான், ஆனால் உண்மை நிலவிலேயே படம் எடுப்பதையும் அது குறிக்குமே? படப்பிடிப்பில் எப்படியும் 'மூன்லைட்' என்றுதான் சொல்வார்கள் என்னும் வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு, தலைப்பில் தங்கள் சொல்லையே இடுகிறேன். 4ஆம் பயிற்சியில் மட்டும் புனைநிலவு இருக்கும். மெய்ப்புப் பார்க்கும்போது அதை அடித்துவிடாதீர்கள்.