மேசோப்சிஸ் உள்ளூர் மரமா? கிழக்கு உசம்பாரா பஞ்சாயத்து

வேர்முடிச்சு: தான்சானியாவின் கிழக்கு உசம்பாரா மலைகளில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்டுக் கிடக்கும் காடுகளை இணைக்க மேசோப்சிஸ் எமினி நடலாமாம். "ஆப்பிரிக்க மரம்தானே" என்று நேற்று ஒரு மேதை எழுதியிருக்கிறார். அது உகாண்டா பக்கத்து மரம் ஐயா! அங்கே அதற்கு முசிசி என்று பெயரே உண்டு. உசம்பாராவுக்கு மனிதன் கொண்டுவந்தது.

பச்சைத்தொப்பி: அந்த மேதை அடியேன்தான். விக்டோரியா ஏரிக்கு மேற்கே, தான்சானியாவிலேயே தானாக வளர்கிறது. அதே நாடுதானே?

வேர்முடிச்சு: மரத்துக்கு பாஸ்போர்ட் கொடுக்கிறீர்களா? உசம்பாராவில் அதன் பழத்தை இருவாச்சி தின்று காடெல்லாம் விதை போடுகிறது. பெரிய மரம் சாய்ந்து வெயில் விழுந்தால் இதுதான் முந்துகிறது. உள்ளூர் மரமாம்!

நாற்றங்கால்: சண்டை இருக்கட்டும். உள்ளூர் மரமான செஃபலோஸ்ஃபேரா கன்றுக்கு நிழல் வேண்டும். மேசோப்சிஸை 4 மீட்டர் இடைவெளியில் நட்டு, 3ஆம் வருடம் அதனடியில் கன்று வைத்து, பிறகு மேசோப்சிஸ் பட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றி உரித்தால் நின்றபடியே காயும்.

வேர்முடிச்சு: எந்த வருடம் உரிப்பீர்கள்? 5, 6 வருடத்தில் காய்த்துவிடும். அதற்குள் விதை மண்ணில். மரம் பட்டால் வெயில் இறங்கும், விதை கிளம்பும். விரலகலப் பட்டை விட்டுப்போனாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். நிழலுக்கு உள்ளூர் மரமான மகரங்கா கபென்சிஸ் இல்லையா? அல்பிசியா கம்மிஃபெரா இல்லையா? அல்பிசியா மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கும்.

கடைசிபெஞ்ச்: ஒரு சாண் என்றால் யார் சாண்? சென்டிமீட்டரில் சொல்லப் பழகுங்கள்.

நாற்றங்கால்: 22, 23. யூகலிப்டஸ் விவாத இழையில் ஹெக்டேரையும் ஏக்கரையும் குழப்பியவர் அளவு கேட்கிறார்!

கடைசிபெஞ்ச்: அது தட்டச்சுப் பிழை. நூறு தடவை சொல்லியாச்சு.

பச்சைத்தொப்பி: வேர்முடிச்சு சொல்கிற உள்ளூர் விதை லேசில் முளைக்குமா? அலன்பிளாக்கியா மர விதை மாதக்கணக்கில் பையிலேயே தூங்கும். மேசோப்சிஸ் அதற்குள் ஆள் உயரம் தாண்டும்.

வேர்முடிச்சு: விதையுறையை நீக்கிப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். பொறுமை இல்லாதவர் தக்காளி நடலாம். வேகமாக வளர்வதால் உள்ளூர் மரம் ஆகிவிடுமா?

பச்சைத்தொப்பி: தான்சானியா மரம். தான்சானியா காடு. முடிந்தது.

வேர்முடிச்சு: உசம்பாரா! உசம்பாரா! இன்னும் எத்தனை தடவை எழுத?

கடைசிபெஞ்ச்: ஹெக்டேர் விஷயத்தை நீக்கச் சொல்லி மட்டுறுத்துநருக்கு எழுதியிருக்கிறேன்.